மெல்போர்ன் கோப்பை: இரண்டு குதிரைகளில் எதை மேலே வைப்பது?

வணக்கம் நண்பரே. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கான கணிப்பு வரிசையில், 2000 மீட்டர் ஓட்டத்தில் மூன்று குதிரை நீள இடைவெளியில் வென்ற குதிரையை மேலே வைப்பதா, கால்ஃபீல்டு கோப்பை என்ற இன்னொரு பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த குதிரையை மேலே வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

கால்ஃபீல்டு 2400 மீட்டர், மெல்போர்ன் கோப்பை 3200 மீட்டர். ஆகவே ஐந்தாவதாக வந்த குதிரையின் கடைசி 600 மீட்டரை மட்டும் காணொளியில் திரும்பத் திரும்பப் பாருங்கள். முன்னால் ஓடியவை தளர்ந்த நேரத்தில் அது வேகம் குறையாமல் நெருங்கி வந்து, எல்லைக் கம்பத்தைத் தாண்டிய பிறகும் நடையை நீட்டிக்கொண்டே போயிருந்தால், கூடுதல் தூரம் அதற்குச் சாதகமாகவே அமையும். குறுகிய தூரத்தில் கிடைத்த பெரிய வெற்றி, வேகத்தைக் காட்டுமே தவிர தாக்குப்பிடிக்கும் திறனைக் காட்டாது. அப்படி 2000 மீட்டரில் வென்ற குதிரையின் தந்தை, தாய் வழியில் நெடுந்தூரம் வென்றவை உண்டா என்று பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

அடுத்தது எடை. இது திறன் கூடிய குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றப்படும் பந்தயம் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மகைபி தீவா என்ற குதிரை இந்தக் கோப்பையை 2003இல் 51 கிலோவுடனும், 2004இல் 55.5 கிலோவுடனும், 2005இல் 58 கிலோவுடனும் வென்றது. அப்படிப்பட்ட குதிரை அபூர்வம். உங்கள் இரண்டு குதிரைகளுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் இருந்தால், 3200 மீட்டரில் அதைப் புறக்கணிக்க முடியாது.

பந்தயத்துக்கு முந்தைய நாள், அது நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்தில் மழை பெய்தால் மட்டும், ஈரத் தரையில் இரண்டும் முன்பு ஓடிய விதத்தைப் பார்த்துவிட்டு வரிசையை மாற்றலாம்.