விற்பனையில் பத்து சதவீதம் நன்கொடை என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் இரண்டு தையல்காரர்களை வைத்துக்கொண்டு, கைத்தறிப் பருத்திப் புடவைகளைக் குர்த்திகளாகத் தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். ஒன்றின் விலை 1,200 ரூபாய். இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் என் கடையின் பெயர் யார் மனதிலும் நிற்பதில்லை. ‘விற்பனையில் 10 சதவீதம் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு’ என்று அறிவிக்கச் சொல்கிறான் என் தம்பி. கண்டாங்கி, சுங்குடி என்று நம் பாரம்பரியப் புடவைகளின் பழமையை முன்னிறுத்தலாம் என்பது என் எண்ணம். எதைச் செய்வது? இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: தம்பிக்கு நல்ல மனம். ஆனால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் செலவு விவரம் எழுதவில்லை என்பதால் ஒரு மாதிரிக் கணக்கை நானே போடுகிறேன்; உங்கள் எண்களை அதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1,200 ரூபாயில் ஜிஎஸ்டி அடக்கம் என்றால், 5 சதவீத வரியாக 57 ரூபாய் போய்விடும். துணி 430, தையல் கூலி 230, பொத்தான், நூல் முதலிய சில்லறைச் சாமான்கள் 40, உறையும் கூரியரும் 90, விளம்பரமும் படம் எடுக்கும் செலவும் 120. திரும்பி வருபவை, விற்காமல் தேங்குபவை ஆகியவற்றுக்கு ஒரு குர்த்திக்கு 80 என்று வைத்தாலும் மொத்தம் 1,047. கையில் நிற்பது 153 ரூபாய். விற்பனையில் 10 சதவீதம் என்றால் 120 ரூபாயைக் கொடுத்தாக வேண்டும். மிச்சம் 33. அதில்தான் வீட்டு வாடகை முதல் உங்கள் உழைப்புக்கான ஊதியம் வரை எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த நெருக்கடி வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ‘விற்பனையில்’ என்று அறிவித்ததைச் சத்தமில்லாமல் ‘லாபத்தில்’ என்று மாற்றிவிடுவார்கள். அல்லது தையல் கூலியில் இருபது ரூபாயைக் குறைப்பார்கள். இரண்டாவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. தையல்காரர் வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவைக் குறைத்து, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்ததாகப் பெயர் வாங்குவதில் என்ன பெருமை?

நன்கொடையையே அடையாளமாக்கிக்கொண்டு பெரிதாக வளர்ந்த நிறுவனம் என்று டாம்ஸைச் சொல்வார்கள். 2006இல் அமெரிக்காவில் பிளேக் மைக்கோஸ்கி தொடங்கிய காலணி நிறுவனம் அது. ஒரு ஜோடி விற்றால், காலணி இல்லாத ஒரு பிள்ளைக்கு இன்னொரு ஜோடி இலவசம். ஒரே வரியில் சொல்லிவிடலாம், அதனாலேயே பரவியது. அதே காரணத்தால் எவரும் அதை எளிதாக நகலெடுக்கவும் முடிந்தது. இலவசக் காலணிகள் வந்து இறங்கும் ஊரில் ஏற்கெனவே காலணி விற்றுப் பிழைப்பவரின் கதி என்ன என்ற கேள்வியும் எழுந்தது. 2019இல் அந்த ஒன்றுக்கு ஒன்று முறையை நிறுவனமே கைவிடத் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் கடன் கொடுத்தவர்களின் கைக்கும் போனது. பின்னர் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற முறைக்கு மாறினார்கள். கடனுக்கும் நன்கொடைக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் நன்கொடை வாக்குறுதி மட்டுமே அடையாளம் என்றால், அதை மாற்றும் நாளில் கடையில் மிஞ்சுவது சாதாரணக் காலணிதான்.

பேட்டகோனியாவின் வழி வேறு. மலையேறுபவரான இவான் ஷூனார்ட் 1973இல் தொடங்கிய இந்த ஆடை நிறுவனம், 1980களிலிருந்து விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் பணிகளுக்குக் கொடுத்துவருகிறது. லாபத்தில் அல்ல, விற்பனையில்; நஷ்டம் வந்த ஆண்டிலும் தப்பிக்க முடியாது. அத்தனை பெரிய நிறுவனம் ஒரு சதவீதத்தோடு நின்றதையும் கவனியுங்கள். 2022இல் ஷூனார்ட் குடும்பம் நிறுவனத்தின் உரிமையையே ஒரு அறக்கட்டளைக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கான ஒரு அமைப்புக்கும் மாற்றிக்கொடுத்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் கையில் இருப்பது நன்கொடை ரசீது அல்ல. கிழிந்தால் வாங்கித் தைத்துக் கொடுக்கிறார்களே, அந்தச் சட்டைதான். கொள்கை துணியிலேயே தெரிகிறது.

நம் பக்கத்தில் இன்னும் நல்ல பாடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதிக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்ததும், யாருக்கும் உதவாத துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குவியலைத் தரம் பிரித்துப் பயன்படுத்தியதில் கூஞ்ச் என்ற அமைப்புக்குப் பங்கு உண்டு. அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கியது. துணியைத் தானமாக வீசாமல், ஊர்ப் பொதுவேலை செய்தவருக்கு அந்த வேலைக்கு ஈடாகக் கொடுப்பது இவர்கள் வழக்கம். அதே சுனாமிக் காலத்தில் ஆரோவில்லின் உபாசனா ஆடை வடிவமைப்பு நிலையத்தில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் தையல் கழிவுத் துணியில் கட்டைவிரல் அளவு பொம்மைகள் செய்தார்கள். சுனாமிகா என்று பெயர். விற்கவில்லை, இலவசமாகக் கொடுத்து, விரும்புபவர்களிடம் நன்கொடை பெற்றார்கள். தொழிலின் கழிவு, தொழிலின் திறமை, பக்கத்து ஊர்ப் பெண்கள் என்று மூன்றும் அந்த ஒரு பொம்மையில் இருந்தன. உபாசனாவின் பெயரோடு சேர்த்து இன்றும் அது பேசப்படுவதற்குக் காரணம் இதுவே என்பேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில்தான் உங்கள் பெயர் இருக்கிறது. நன்கொடையை வையுங்கள், ஆனால் சிறிதாக, சதவீதமாக இல்லாமல் ரூபாயாக. ஒரு குர்த்திக்கு 12 ரூபாய் என்றால் விற்பனையில் 1 சதவீதம். மாதம் 100 போனால் 1,200 ரூபாய். உங்கள் ஊர் அரசுப் பள்ளி ஒன்றுக்கு அந்த ஆண்டு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று ஒரு படம் போட அது போதும். வெட்டுத் துண்டுகளில் பென்சில் பை தைத்து அதே பள்ளிக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் தையல்காரருக்கு அதற்கும் கூலி கொடுத்துவிட வேண்டும்.

இனி பழமை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பழையதை அப்படியே எடுத்து வைத்தால் அது அருங்காட்சியகம்; பழைய கட்டத்தைப் புதிய துணியில் அச்சடித்துவிட்டால் அது ஏமாற்று. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதே முழுத் தொழிலும்.

லீவைஸ் ஜீன்ஸைப் பாருங்கள். பாக்கெட் மூலைகளில் செம்பு ரிவெட் (குமிழ் ஆணி) அடிக்கும் காப்புரிமை 1873இல் கிடைத்தது. பின்பக்க ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்ததால் 1937இல் அவற்றைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்கள். 1960களில் அவற்றையும் எடுத்துவிட்டு அழுத்தமான தையல் போட்டார்கள். இப்போது அந்தந்த ஆண்டின் ஜீன்ஸை அதே விவரங்களோடு திரும்பத் தைத்து அதிக விலைக்கு விற்கும் தனிப் பிரிவே அவர்களிடம் இருக்கிறது. இன்று நாம் பழமை என்று கொண்டாடும் பொருளும் அதன் காலத்தில் உடுத்துபவரின் வசதிக்காக மாறிக்கொண்டே வந்ததுதான். அதனால் கண்டாங்கியில் பாக்கெட் வைப்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டாம். தாராளமாக வையுங்கள், கைப்பேசி முழுதாக உள்ளே போகும் ஆழத்தில்.

மாற்றக் கூடாதது துணி. கண்டாங்கி என்றால் கனத்த பருத்தி, கட்டம் அல்லது கோடு, அகலமான கரை. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்கள். கரையை ஒட்ட வெட்டித் தூரப் போட்டுவிட்டு உடல் துணியில் மட்டும் தைத்தால், அதை எவரும் கண்டாங்கி என்று சொல்லமாட்டார்கள். கரை கீழ் விளிம்பில் வரலாம், கைமுனையில் வரலாம், பக்கவாட்டில் நெடுக இறங்கலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் குர்த்தியிலும் அதே இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்தில், படத்தில் உங்கள் பெயரை மறைத்தாலும் ‘இது அவர்கள் தைத்தது’ என்பார்கள். ஐந்தரை மீட்டர்ப் புடவையில் குர்த்தி இரண்டு தேறும்; முந்தானை ஒன்றுக்குத்தான் கிடைக்கும். முந்தானை வந்த குர்த்திக்குத் தனி விலை வைப்பதில் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. கரையின் நெசவும் நூலும் உடலின் நெசவிலிருந்து வேறுபடுவதால் தண்ணீரில் இரண்டும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே கரை ஓரம் சுருக்கம் விழும். வாடிக்கையாளர் தையலைத்தான் குறை சொல்வார். வெட்டுவதற்கு முன் இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே கத்தரி வைக்கச் சொல்லுங்கள்.

உடுத்திப் பழகிய புடவைகளை வாங்கித் தைக்கும் எண்ணம் இருந்தால், மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் விலகித் தெரிந்தால் அந்தப் பகுதியைக் கையிலும் தோளிலும் வைக்கக் கூடாது. இழுபடும் இடம் அது. பழைய பட்டு வேண்டுமானால் உங்களுக்குப் போட்டி பெரிது. ஜரிகையில் வெள்ளி இருக்கிறது என்று வீடு வீடாக வந்து எடை போட்டு வாங்கிப்போய் எரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஒரு நல்ல புடவையைக் காப்பாற்றினால், அது பள்ளிக்கூட நன்கொடையைவிடக் குறைந்த தர்மம் என்று நான் சொல்லமாட்டேன்.

சுங்குடியில் வேறு சிக்கல். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் பரம்பரையாகச் செய்துவந்த சுங்குடி, துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவது. முடிச்சை அவிழ்த்ததும் சாயம் ஏறாத புள்ளி தெரியும். எந்த இரண்டு புள்ளியும் ஒரே வடிவில் இருக்காது. தேய்க்காத துணியில் விரலை ஓட்டினால் முடிச்சு விழுந்த இடம் மேடாகத் தட்டுப்படும். இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு, அல்லது வெறும் அச்சு. அதை வாங்கிக் குறைந்த விலைக்கு விற்பது தவறில்லை. முடிச்சுச் சுங்குடி என்ற பெயரில் விற்பதுதான் தவறு. மதுரை சுங்குடி 2005இலும் காரைக்குடி கண்டாங்கி 2019இலும் புவிசார் குறியீடு, அதாவது ஊரோடு சேர்ந்த அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, பெற்றவை. அந்தந்த நெசவாளர், சாயக்காரர்களிடமிருந்து வாங்கி, பில்லை வைத்துக்கொண்டு, ‘இந்தத் துணியில் தைத்தது’ என்று எழுதினால் உங்களுக்குச் சங்கடம் இல்லை. விசைத்தறித் துணிக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் வழக்கு வரலாம்.

சாயம் போகுமே என்று பயப்படுவீர்கள். 1950களின் இறுதியில் சென்னைக் கட்டம் போட்ட துணி அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய், துவைத்ததும் சாயம் ஓடிப் பெரிய தகராறு ஆனதாகவும், பிறகு அதையே ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்ததாகவும் ஒரு கதை துணி வியாபாரிகளிடையே புழங்குகிறது. துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புதிதாவதுதான் அதன் அழகு என்று விற்றார்களாம். நீங்கள் அவ்வளவு துணிச்சல் காட்ட வேண்டாம். ‘முதல் மூன்று துவைப்பில் சாயம் போகும், உப்புத் தண்ணீரில் தனியாக நனைக்கவும்’ என்று அட்டையில் எழுதி வையுங்கள். மறைத்து விற்றால் குறை. முன்கூட்டியே சொன்னால் அது கைத்தறியின் குணம்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நன்கொடை பற்றிய வாசகமும் விளம்பரம்தான். ‘இயற்கைக்கு உகந்தது’, ‘பசுமை ஆடை’ போன்ற சொற்களுக்கு ஆதாரம் கேட்கும் தனி வழிகாட்டுதல்கள் 2024 அக்டோபரில் வந்திருக்கின்றன. ரசாயனச் சாயத் துணியில் அந்தச் சொற்களை ஒட்டாதீர்கள். வாடிக்கையாளர் பில்லுக்கு மேல் தானாக விரும்பிக் கொடுக்கும் நன்கொடையை உங்கள் வருமானத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து, பள்ளியிடமோ அறக்கட்டளையிடமோ ரசீது வாங்கிப் பதிவிடுங்கள்.

அட்டையில் எழுத வேண்டிய வாசகத்துக்கு ஒரு மாதிரி: ‘காரைக்குடித் தறியில் நெய்த கண்டாங்கி. வெட்டும் முன் நனைத்தது. தையல் கூலி 230 ரூபாய். இந்த விலையில் 12 ரூபாய் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு.’ கூலியை எழுதுவதா என்று தயங்குவீர்கள். எழுதுங்கள். உங்களைப் போல் விற்கும் மற்றவர்கள் அத்தனை பேரும் எழுதத் தயங்கும் வரி அதுதான்.

கடைசியாக, பெயர். ‘செட்டிநாடு காட்டன்ஸ்’ போன்ற பெயரை யோசித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்த சொல்லுக்கு வணிகச் சின்னப் பதிவு கிடைப்பது கடினம். வேறொரு பெயரைப் பிடித்து, ஆடைகளுக்கான 25ஆம் வகுப்பில் ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அட்டை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்ப எண்ணை வாங்கிவிடுங்கள்.