ரீச்சர் பதில்கள்: திமிங்கிலத்தின் பின்னால் போகும் மகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விஞ்ஞானம் பற்றியவை. உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. திருகோணமலையில் 31 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவள் நான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

ரீச்சர், என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. நாங்கள் டொக்டர் கனவில் இருக்க, அவள் திமிங்கிலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். போன வருடம் மாமாவோடு படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சுத்தான். கடலில் திரிந்து எப்படிப் பிழைப்பாள்? என்ன சொல்லி மனதை மாற்றுவது?
— ஒரு தாய், உப்புவெளி

அம்மா, மனதை மாற்றும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அவள் பார்த்தது என்ன என்று சொல்கிறேன்.

மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனாலே கடல் பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் உலகத்தின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலத்தைக் கோணேசர் கோயில் மலையில் நின்றபடியே சில நாட்களில் காண முடிகிறது. ஏப்ரல் தொடக்கம் ஆகஸ்ட் வரை அதற்கு நல்ல காலம். 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பாய்க்கப்பலில் இங்கே வந்தார்கள். எங்கள் கடலிலேயே அந்தத் திமிங்கிலங்களைப் படம் பிடித்தார்கள், குரலைப் பதிவு செய்தார்கள். அப்புறம் யுத்தம். மீன்பிடிக்கவே பாஸ் வாங்கிய காலத்தில் ஆராய்ச்சிக்கு யார் கடலுக்குப் போவார்? எத்தனையோ வருடங்கள் அந்தப் பக்கங்கள் வெறுமையாகவே கிடந்தன. உங்கள் மகள் கேட்கும் வேலை எங்கள் வாசலிலேயே பாதியில் விடுபட்ட வேலை.

இலங்கையில் இந்தத் துறையில் முன்னுக்கு வந்தவர் ஆஷா டி வொஸ். படித்து முடித்ததும் ஒரு ஆராய்ச்சிக் கப்பலுக்கு மாதக்கணக்காகக் கடிதம் எழுதி, கெஞ்சி, அதில் ஏறினார். 2003ஆம் ஆண்டு அந்தக் கப்பலில் இருந்தபோது நீலத் திமிங்கிலங்கள் கூடி நின்ற இடத்தில் கடலில் செங்கல் நிறமாக ஏதோ மிதப்பதைக் கண்டார். அது திமிங்கிலத்தின் மலம். நீலத் திமிங்கிலங்கள் குளிர்கடலுக்குப் போய் இரை தின்னும், வெப்பக்கடலுக்குக் குட்டி ஈனத்தான் வரும் என்பதே புத்தகத்தில் இருந்த பாடம். இரை தின்னாமல் மலம் எங்கிருந்து வரும்? எங்கள் கடலில் இருப்பவை இங்கேயே தின்று, இங்கேயே வாழ்கின்றன என்ற எண்ணம் அந்தச் சிவப்பிலிருந்துதான் பிறந்தது. பிறகு மலத்தில் இருந்த மரபணுவைப் பார்த்தபோது, குளிர்கடல் திமிங்கிலம் தின்னும் கிறில் என்ற இறால் போன்ற சிற்றுயிரை இவை பெரிதாகத் தின்னவில்லை, எங்கள் கூனி இறாலுக்குச் சொந்தக்காரரான சிறு இறால்களைத்தான் தின்கின்றன என்று தெரிந்தது.

இதை விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விஞ்ஞானி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். இந்த வேலையில் பெரும்பகுதி வெயிலில் காத்திருப்பது. ஒவ்வொரு திமிங்கிலத்தின் தோலிலும் உள்ள புள்ளிக் கோலத்தைப் படம் பிடித்து, போன வருடம் கண்டது இதுதானா என்று ஆயிரம் படங்களோடு ஒப்பிடுவது. வாந்தி எடுத்தபடி கொப்பியில் நேரமும் திசையும் குறிப்பது. அலுப்பான வேலைதான். அந்த அலுப்பையும் தாண்டி அடுத்த நாளும் போகச் சொல்லும் ஆசை பிள்ளையிடம் இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பிழைப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டொக்டருக்குக் கிடைக்கும் வருமானம் கிடைக்காது. நிரந்தர வேலை 30 வயதைத் தாண்டியும் கைக்கு வராமல் இருக்கலாம். ஆனால் வழி இல்லை என்பது பிழை. றுகுணு பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே இருக்கிறது. நீர்வாழ் வளங்களை ஆராயும் நாறா நிறுவனம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை, வனசீவராசிகள் திணைக்களம், பல்கலைக்கழக விலங்கியல் துறைகள் என்று வேலைத்தலங்கள் உண்டு. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியபோது நாடு யாரைத் தேடியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று செய்யுங்கள். இந்த லீவில் அவளுக்கு ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுங்கள். உப்புவெளிக் கரையில் ஒரே இடத்தில், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போய், அலை ஒதுக்கியதை எல்லாம் எண்ணி எழுதட்டும். இரண்டு மாதம். முதல் வாரத்திலேயே விட்டுவிட்டால் மாமாவின் படகுப் பயணம்தான் அவளுக்குப் பிடித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதமும் மழையில் குடையோடு போகிறாள் என்றால், தயவுசெய்து அவளை மறிக்காதீர்கள்.

இராவணன் வெட்டில் நின்று பார்த்தால் கடல் கருநீலம். மாரியில் மண்ணிறம். வானத்தின் நிழல்தான் கடலின் நிறம் என்று படித்தேன். சரியா?
— தரம் 10 மாணவன், திருகோணமலை நகர்

தம்பி, இதே கேள்வி ஒரு தமிழரின் வாழ்க்கையைத் திருப்பிய கேள்வி. திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் கல்கத்தாவில் அரசாங்க நிதித் திணைக்களத்தில் கணக்கு அதிகாரி. விடியவும் பின்னேரமும் ஒரு ஆய்வுகூடத்தில், பகல் முழுக்கக் கந்தோரில் என்று பத்து வருடம் ஓட்டினார். 1917இல் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிழல்தான் அது என்று இங்கிலாந்து விஞ்ஞானி றேலி பிரபு சொல்லியிருந்தார். இராமன் சட்டைப்பையில் கொண்டு திரிந்த பளிங்குக் கருவியால் நீரின் மேல் தெறிக்கும் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். வானத்தின் நிழல் போனது, நீலம் போகவில்லை. இன்னும் ஆழமாகத் தெரிந்தது. கடலே நீலம் தருகிறது என்று கப்பல் பம்பாயை அடைந்த கையோடு எழுதி அனுப்பினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதுதான் 1928இல் அவரும் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட இராமன் விளைவு. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறும் என்பதே அது. 1930இல் நோபல் பரிசு.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று இராமன் கருதினார். அதோடு, நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதும் பெரிய காரணம் என்று இப்போது தெரியும். புறாத்தீவில் சுழியோடும் அண்ணன்மாரைக் கேள். கரையில் பளீரென்று இருக்கும் சிவப்புத் துணி, 10 மீற்றர் கீழே போனால் மங்கிக் கறுத்துவிடும். மாரியில் ஆறுகள் கொண்டுவரும் சேறு கலப்பதால் மண்ணிறம்.

பொலறொயிட் கறுப்புக் கண்ணாடி யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கிக்கொண்டு கோயில் மலைக்குப் போ. கடலைச் சரிவாகப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுற்று. ஒரு நிலையில் மினுக்கம் அணைந்து நீலம் திறந்து வரும். 1921இல் இராமன் கண்டதை உன் கண்ணாலேயே காண்பாய்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா?
— ஒரு வாசகர், சாம்பல்தீவு

இல்லை. இலங்கையில் உயிரோடு இருக்கும் எரிமலை எதுவும் கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும் என்பதால் அங்கே சூடேறி, வேறு வெடிப்பு வழியே மேலே வந்துவிடுகிறது. தெற்கே மகாபெலஸ்ஸ வரை இப்படி வெந்நீர் ஊற்றுகள் பல உண்டு.

அம்மாவின் அந்தியேட்டிக்கு நான் போய் நின்ற இடம் அது. பிறகு பிள்ளைகளையும் வெப்பமானியோடு கூட்டிப்போனேன். ஏழு கிணற்றிலும் ஒரே எண் வரவில்லை. கருவி பிழை என்று பாதிப் பேர் சண்டை. பின் வாங்கில் இருக்கும், வாயே திறக்காத ஒரு பிள்ளை மட்டும், “ரீச்சர், வெப்பமானிகளை மாத்தி மாத்தி வைச்சு அளந்தா எது பிழை எண்டு தெரியும்தானே” என்றாள். அன்றுதான் அவளை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவளுக்கு நான் போட்ட புள்ளிகளைத்தான் பார்த்திருந்தேன்.

ரீச்சர், நீங்கள் ஏன் விஞ்ஞானி ஆகவில்லை?
— உங்கள் பழைய மாணவி

பட்டம் முடித்ததும் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பௌதிகவியலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்போது கல்யாணம், கலவர நேரத்தில் தனியாக எப்படி வந்து போவாய், இவைதான் கேள்வி. இரண்டு கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. இப்போது நினைத்தாலும் மனம் நோகிறது.

பிறகுதான் இந்திய விஞ்ஞானி அன்னா மணியைப் பற்றி வாசித்தேன். 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டு வயதுப் பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்ட பிள்ளை. இராமனின் ஆய்வுகூடத்தில் வைரங்களின் ஒளியை வருடக்கணக்காக ஆராய்ந்து எழுதினார். முதுமாணிப் பட்டம் இல்லை என்று சொல்லிக் கலாநிதிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் வானிலைக் கருவிகள் பக்கம் திரும்பினார். மழைமானி, காற்றுமானி, வெயில்மானி என்று கிட்டத்தட்ட 100 கருவிகளை இந்தியாவிலேயே செய்வதற்கு வரைபடங்களை ஒழுங்காக்கினார்.

அதை வாசித்த கிழமையே முற்றத்தில் ஒரு மழைமானி வைத்தேன். 1991 ஐப்பசி. இடம்பெயர்ந்த நாட்களைத் தவிர ஒவ்வொரு காலையும் அளக்கிறேன். ஒன்பது கொப்பி ஆகிவிட்டது. உன் கேள்விக்கு இதுதான் என்னிடம் உள்ள பதில், பிள்ளை.

மூன்று முறை உயர்தரம் எழுதியும் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. கடையில் நிற்கிறேன். இராவில் கணக்குச் செய்தால்தான் நித்திரை வருகிறது. எனக்கு இனி வழி உண்டா?
— 22 வயது, மூதூர்

இராமானுஜனும் பரீட்சையில் தோற்றவர்தான் என்று உனக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அவர் கதையில் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அவர் மதராஸ் துறைமுகக் கந்தோரில் வருடம் 20 பவுண் சம்பளத்தில் எழுதுவினைஞர். ஆனால் அவர் தனியாக இருக்கவில்லை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து சிலேட்டில் அவரோடு கணக்குப் போட்டார். இராமானுஜனின் கொப்பியில் இருப்பது என்னவென்று விளங்கிய ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

உனக்கும் அப்படி ஒருவர் வேண்டும், தம்பி. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம். அடிப்படைக் கற்கைநெறி வழியாக நுழையவும் இடமுண்டு, நேரில் போய் விசாரி. அதற்கு முன் இராவில் செய்யும் கணக்குக் கொப்பியைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. நான் வாசிப்பேன். எனக்கு விளங்காத இடம் வந்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் விளங்கக்கூடியவர்களைத் தேடிக் கொண்டுபோய்க் காட்டுவேன்.

எங்கள் கடற்கரை மணல் ஏன் கறுப்பு? காந்தத்தில் ஒட்டுகிறதே, அது இரும்பா?
— தரம் 7 மாணவன், புல்மோட்டை

இரும்பும் இருக்கிறது, தைத்தானியமும் இருக்கிறது. இல்மனைற் என்று பெயர். அம்மா சுளகில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பாய். பதர் பறக்கும், பாரமானது தங்கும். கடலும் அதைத்தான் செய்கிறது. வெள்ளை மணலின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இல்மனைற்றுக்கு ஏறக்குறைய 4.7. அலை இரண்டையும் கொண்டுவந்து போடும். திரும்பும்போது இலேசானதை அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ற் இந்தக் கறுப்பு மணலிலிருந்து வருகிறது என்றால் நம்புவாயா? தைத்தானிய ஒட்சைட்டுத்தான் அந்த வெள்ளை. சேர். முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கலை பற்றி எழுதுவதற்கு முன் இந்த நாட்டின் கல்லையும் மணலையும் ஆராய்ந்த புவிச்சரிதவியலாளராகத்தான் வேலை தொடங்கினார்.

சாதாரணக் காந்தத்தில் கொஞ்சம்தான் ஒட்டும். பழுதான கணினியின் வன்தட்டுக்குள் இருப்பது பலமானது. அதைப் பொலித்தீன் பையில் சுற்று. தண்ணீர் ஓரத்தில் ஒரு பிடி, பத்து அடி மேலே ஒரு பிடி, பற்றை ஓரத்தில் ஒரு பிடி மணல் எடுத்துக் காயவை. ஒவ்வொன்றிலும் ஒட்டியது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று கடைத் தராசில் நிறுத்து எழுது. மாரிக்கு முன் ஒரு முறை, கடல் அடித்து ஓய்ந்த பிறகு ஒரு முறை. இரண்டு முறை எண்களும் வந்ததும் எனக்கு அனுப்பு, இதே பக்கத்தில் போடுவோம்.