ரத்தக்கட்டி கரைந்துவிடும், களைப்புக்குத்தான் நாளாகும்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. இரண்டு மாதத்துக்கு முன் பிரஷர் எகிறி, மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்கசிவு. ஆபரேஷன் வேண்டாமென்று மருந்திலேயே பார்த்து அனுப்பிவிட்டார்கள். இடது கை, கால் இன்னும் சரியாக வரவில்லை. எப்போதும் படுத்தே கிடக்கிறார், எழுப்பினால் எரிந்து விழுகிறார். அந்த ரத்தத்தை எடுக்காமல் விட்டது தப்பா? கார் ஓட்ட வேண்டும் என்று வேறு சொல்கிறார்.

பதில்: ஆபரேஷன் செய்யாததை, கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரஷரால் வரும் கசிவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில்தான் நடக்கும். அங்கே போக நல்ல மூளையைத் தாண்டித்தான் போக வேண்டும். உறைந்த ரத்தக்கட்டி சிறியதாக இருந்தால், போய் எடுப்பதால் வரும் சேதமே அதிகமாகிவிடலாம். அடிபட்ட இடம் கன்றிப்போய், நீலம் மஞ்சளாகி, தானே மறைகிறது இல்லையா? உள்ளேயும் ஏறக்குறைய அதே கதைதான். உடம்பின் செல்களே உறைந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். அதற்குச் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். கட்டி கரைந்தாலும் அறுபட்ட நரம்புப் பாதைகள் அப்படியே திரும்பி வராது. பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிசியோதெரபி அதற்குத்தான். முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அதன் பிறகும் நிற்காது, மெதுவாகும்.

அந்தத் தூக்கத்துக்கு வருகிறேன். அது சோம்பேறித்தனம் இல்லை. கட்டிலிலிருந்து எழுந்து குளித்து வருவதற்கே அவர் மூளை ஒரு நாள் வேலையைச் செய்து முடித்திருக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் இந்தக் களைப்பு, கை கால் தேறியவர்களிடம்கூட மாதக்கணக்கில் நிற்கும். பயிற்சியைக் காலையில், தெம்பு இருக்கும்போது வையுங்கள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் படுக்க விடுங்கள். டிவி ஓடிக்கொண்டிருக்க நாலு பேர் பேசினால் அவருக்குத் தலை வெடிக்கும், அந்த எரிச்சலில் பாதி அதுவாகவே இருக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் பேச்சும் குறைந்தால் மனச்சோர்வாக இருக்கக்கூடும். டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு.

இன்னொன்று, தூக்கிவிடும்போது இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பலமில்லாத தோள்மூட்டு இறங்கிவிடும்.

பிரஷர்தான் இனி ஆயுளுக்கும் உங்கள் வேலை. வீட்டில் அளந்து எழுதி வையுங்கள். 130/80-க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு, அவருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். திடீரெனக் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், புதிதாக பலவீனம் என்று வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கார் இப்போது வேண்டாம். வலது மூளை பாதித்தவர்களில் சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் வராது. தட்டின் இடது பாதிச் சாப்பாடு மிச்சமாகிறதா, இடது தோள் கதவில் இடிக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், பார்வையையும் கவனத்தையும் சோதித்து டாக்டர் சரி என்று சொல்லும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.