என் ப்ராசஸருக்கென்றே ஒரு கெர்னல் வேண்டுமா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தங்கள் ப்ராசஸருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ரைசன் 5 லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 'மார்ச் நேட்டிவ்', அதாவது 'இந்த ப்ராசஸருக்கென்றே' என்ற தேர்வைப் போட்டுக் கெர்னலை நானே மூலக் கோடிலிருந்து கம்பைல் செய்துகொண்டால் ரெண்டர் வேகமாகும் என்கிறான் நண்பன். உண்மையா சார்?

பதில்: ஆகாது. பாதிப் பேர் கேட்பது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் சமைப்பவர் சமையல்காரர். எந்த அடுப்பு யாருக்கு, காலி சிலிண்டரை எப்போது மாற்றுவது என்று பார்ப்பவர் மேனேஜர். கெர்னல் அந்த மேனேஜர். அவர் எவ்வளவு ஓடியாடினாலும் சாம்பார் கொதிக்கிற நேரம் குறையாது.

நம்பிக்கை வராவிட்டால் அளந்து பாருங்கள். டெர்மினலில் ரெண்டர் கட்டளைக்கு முன்னால் 'டைம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டுங்கள். முடிந்ததும் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று வரி வரும். யூசர் என்பது மென்பொருள் தன் வேலைக்கு எடுத்துக்கொண்ட ப்ராசஸர் நேரம். சிஸ் என்பது அதற்காகக் கெர்னல் எடுத்துக்கொண்டது. யூசர் 9 நிமிடம், சிஸ் 12 விநாடி என்று வந்தால், கெர்னலின் வேலை அடியோடு இல்லாமலே போனாலும் உங்களுக்கு மிச்சம் அந்த 12 விநாடிதான்.

இன்னொரு விஷயம். புது ப்ராசஸர்களின் பெருமையே ஏவிஎக்ஸ் போன்ற, ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் அகலமான கட்டளைகள்தான். ஆனால் கெர்னலின் பொதுவான கோடில் இவற்றைப் பயன்படுத்தாதே என்று கம்பைலருக்கே தடை போட்டு வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அவற்றுக்கான ரெஜிஸ்டர்கள், அதாவது ப்ராசஸருக்குள் எண்களை வைக்கும் இடங்கள், பெரியவை. கெர்னலுக்குள் போகும்போதும் வரும்போதும் அவற்றை எடுத்து வைத்துத் திரும்ப நிரப்புவது வீண் செலவு. உண்மையிலேயே பலன் தரும் சில இடங்களில், அதாவது என்கிரிப்ஷன், ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை) கணக்கு போன்றவற்றில், கையால் எழுதிய தனிக் கோடு இருக்கிறது. எதை ஓட்டுவது என்பது உங்கள் ப்ராசஸரைப் பார்த்த பிறகே முடிவாகும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறை வைத்திருப்பவர்கள் பூட் செய்திகளைப் புரட்டினால், ரெய்டு6 கணக்கை ஒவ்வொரு முறையிலும் ஓட்டிப் பார்த்து வேகமானதை எடுத்துக்கொண்டதாக ஒரு வரி இருக்கும். இது போதாதென்று, பூட் ஆகும்போதே தன் கோடில் சில இடங்களை இருக்கிற ப்ராசஸருக்குத் தக்கபடி கெர்னலே திருத்தி எழுதிக்கொள்கிறது. நண்பன் செய்யச் சொல்வதில் பெரும்பங்கை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள்.

கம்பைல் செய்து பார்க்க ஆசை என்றால் தடுக்க மாட்டேன், கற்றுக்கொள்ள நல்ல வழி. 2025இல் வந்த 6.16 பதிப்பு முதல் 'இந்த ப்ராசஸருக்கே கம்பைல் செய்' என்ற தேர்வு அதிகாரபூர்வக் கெர்னலிலேயே இருக்கிறது. தனிப் பேட்ச் (திருத்தக் கோடு) தேடி அலைய வேண்டாம். ரெண்டர்தான் கவலை என்றால், எடிட்டரின் அமைப்பில் கிராஃபிக்ஸ் சிப்பின் என்கோடர் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது ஹாஸ்வெல் பென்டியம். ஹாஸ்வெல் என்றால் 'வி3' கெர்னல் போடலாம் என்று படித்துப் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை மட்டும்தான்.

பதில்: படித்தது முக்கால்வாசி சரி, மாட்டிக்கொண்டது அந்தக் கால்வாசியில். 64 பிட் எக்ஸ்86 ப்ராசஸர்களை வி1 முதல் வி4 வரை நான்கு படிகளாக 2020இல் வகுத்தார்கள். வி3 என்றால் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ, எஃப்எம்ஏ என்ற கட்டளைத் தொகுப்புகள் எல்லாம் இருக்க வேண்டும். 2013இல் வந்த ஹாஸ்வெல் கோர் ஐ3, ஐ5, ஐ7இல் இவை உண்டு. அதே ஹாஸ்வெல் பென்டியம், செலரானில் இன்டெல் இவற்றை அடைத்துவிட்டது. ஏவிஎக்ஸைக் கெர்னல் தொடாது என்றாலும், பிஎம்ஐ கட்டளைகளைக் கம்பைலர் தாராளமாகப் போடும். தெரியாத கட்டளை வந்ததும் உங்கள் ப்ராசஸர் திகைத்து நின்றுவிட்டது, பிழைச்செய்தி காட்டும் கட்டத்துக்குக்கூடப் போகவில்லை.

பயப்பட வேண்டாம். கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்ததும் வி3 பொதியை நீக்கிவிட்டு வி2 போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் ப்ராசஸரின் பெயரை நம்பாதீர்கள். 'எல்எஸ்சிபியூ' கட்டளை காட்டும் ஃப்ளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 இரண்டும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டில் ஓடிய ஒரு பழைய புரோகிராம், அதே கார்டை பை 5இல் செருகினால் ஓட மறுக்கிறது. இரண்டும் 64 பிட்தானே?

பதில்: ப்ராசஸருக்கேற்ற கெர்னல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பை 5க்கென்று 'கெர்னல்_2712' என்ற தனிக் கெர்னல் அதே கார்டிலேயே இருக்கிறது. பை 5 அதைத் தானாக எடுத்துக்கொள்ளும். மற்ற பை போர்டுகள் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரிக்க, இது 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. பக்கம் பெரிதானால் முகவரிப் பட்டியல் சிறிதாகும், தேடல் குறையும், வேகம் கூடும். இங்கே பலன் உண்மையானது. ஆனால் பக்கம் என்றால் 4 கேபிதான் என்று உள்ளுக்குள் முடிவு கட்டி எழுதிய புரோகிராம்கள் படுத்துவிடும். 'கெட்கான்ஃப் பேஜ்சைஸ்' கட்டளைக்கு 16384 என்று விடை வந்தால் சந்தேகம் வலுக்கிறது. பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் கோப்பில் கெர்னலாக 'கெர்னல்8' இமேஜைக் குறிப்பிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், 4 கேபிக்குத் திரும்பிவிடும். கொஞ்சம் வேகம் போகும். புரோகிராமுக்குப் புதுப் பதிப்பு இருந்தால் அதைப் போடுவதே மேல்.

கேள்வி: பாட்டு ரெக்கார்டிங்கில் நடுநடுவே 'கிர்க்' சத்தம். ஜென், எக்ஸான்மாட், லிக்கோரிக்ஸ் என்று பல கெர்னல் பெயர்கள் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: இவற்றின் பலன் ப்ராசஸர் ட்யூனிங்கைவிட ஷெட்யூலரிலும் டைமரிலும்தான் அதிகம். எந்த மென்பொருளுக்கு எப்போது முறை என்பதை மாற்றுகிறார்கள். இந்தப் பாதையில் நெடுங்காலம் நடந்தவர் கான் கோலிவாஸ். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டர், டெஸ்க்டாப் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று தனி ஷெட்யூலர்களே எழுதினார். இன்று மூலக் கெர்னலே நிறைய மாறிவிட்டது: 6.6இல் ஷெட்யூலர் புதிதானது, 6.12இல் ரியல்டைம் (குறித்த நேரத்துக்குள் பதில் தரும்) வசதி உள்ளே வந்தது.

அதனால் கெர்னலை மாற்றும் முன்பு ஒரு சோதனை. பூட் வரியில், அதாவது கெர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் கட்டளை வரியில், 'ப்ரீஎம்ட்' என்பதற்கு 'ஃபுல்' என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) கெர்னல்கள் ஏற்கும். ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஆடியோ பஃபரையும் 64இலிருந்து 128க்கு ஏற்றுங்கள். அப்புறமும் 'கிர்க்' வந்தால் லிக்கோரிக்ஸோ ஜென்னோ, உங்கள் டிஸ்ட்ரோவில் எளிதாகக் கிடைப்பதைப் போடுங்கள்.

கேள்வி: ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் ஓட்டைகளுக்கான பாதுகாப்பை அணைத்தால் வேகம் வருமாமே?

பதில்: சில பழைய இன்டெல்லில் வரும். பிரவுசர் திறக்கும் கணினியில் அணைக்காதீர்கள்.

கேள்வி: கம்பைல் செய்ய மணிக்கணக்காகிறது. குறைக்க வழி?

பதில்: 'லோக்கல்மாட்கான்ஃபிக்' இருக்கிறது. அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும்; நேரம் பல மடங்கு குறையும். 'அந்த நேரத்தில்' என்பதில்தான் வில்லங்கம். ஒருமுறை ராத்திரி இப்படிக் கம்பைல் செய்துவிட்டுக் காலையில் ஒரு பயிலரங்குக்குப் போனேன். பென்டிரைவைச் செருகினால், விளக்கு எரிகிறது, கோப்பு எதுவும் வரவில்லை. கம்பைல் செய்தபோது பென்டிரைவ் செருகியிருக்கவில்லை, அதனால் அதன் டிரைவரும் கெர்னலில் இல்லை. நாற்பது பேர் என் முகத்தைப் பார்க்க, பழைய கெர்னலில் பூட் செய்து வந்தேன். வீட்டிலுள்ள பென்டிரைவ், பிரிண்டர், ஹெட்செட், யூஎஸ்பி லேன் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட்டுப் பிறகு அந்தக் கட்டளையை அடியுங்கள்.

கேள்வி: புதுக் கெர்னலை பூட் செய்தால் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்கிறது.

பதில்: டிஜிட்டல் கையெழுத்துள்ள கெர்னலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இயங்குகிறது, உங்கள் கெர்னலில் அது நம்பும் கையெழுத்து இல்லை. சொந்தச் சாவி உருவாக்கி, 'மோக்யூட்டில்' மூலம் பதிந்து, அந்தச் சாவியால் கையெழுத்திடுங்கள். மறுபூட்டில் நீலத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும். அங்கே அவசரத்தில் 'கன்டின்யூ' அமுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம். என்விடியா டிரைவர் வைத்திருந்தால் அதன் மாட்யூல்களுக்கும் கையெழுத்து வேண்டும், அவற்றைக் கம்பைல் செய்யப் புதுக் கெர்னலின் ஹெடர் பொதியும் வேண்டும்.

கேள்வி: பழைய கெர்னல்கள் எத்தனை வைத்திருக்கலாம்? பூட் பகுதி நிரம்பிவிட்டது.

பதில்: டிஸ்ட்ரோ தந்தது ஒன்று, நீங்கள் கம்பைல் செய்ததில் கடைசியாக ஒழுங்காக ஓடியது ஒன்று. மீதியைப் பொதி மேலாளர் வழியாகவே நீக்குங்கள். கோப்பை மட்டும் கையால் அழித்தால் க்ரப் பட்டியலில் பெயர் நிற்கும், பூட் ஆகாது.