அத்ராரில் 14 நாள்: மௌரித்தானியா போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து மலைநடைக் கூட்டத்தில் எட்டுப் பேர் வரும் டிசம்பரில் மௌரித்தானியாவின் அத்ரார் பீடபூமிக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஷிங்கெத்தியிலிருந்து வாதான் வரை ஒட்டகங்களோடு ஐந்து நாள் நடை, முன்னும் பின்னும் நிதானமான தங்கல். கொடைக்கானலிலிருந்தும் சிலர் சேர்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். அந்தப் பக்கத்துப் பயண ஏற்பாடுகள் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

குன்னூர், பள்ளி ஆசிரியை: 14 நாளில் நாலே ஊர்தானா சார்? 7 நாளில் கடற்கரை, ரயில், பாலைவனம் எல்லாம் காட்டுகிறோம் என்று விளம்பரம் வருகிறதே?

டீச்சர், தமிழ்நாட்டைப்போல் எட்டு மடங்கு பெரிய நாடு அது. தலைநகர் நுவாக்சோட்டிலிருந்து அத்ராரின் முக்கிய ஊரான அத்தாருக்கு மட்டும் சுமார் 430 கிலோமீட்டர். தார் ரோடுதான். ஆனால் நடுவில் அக்ஜூஜ்த் ஒன்றைத் தவிர ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, சோதனைச் சாவடிகள் வேறு. 7 நாள் திட்டத்தில் பகலில் பாதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

நம் கணக்கு இப்படி. முதல் நாள் நுவாக்சோட்டில் தூக்கம். இரண்டாம் நாள் தெர்ஜித் சோலைக்குப் பயணம், மூன்றாம் நாள் அங்கேயே. பாறைச் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம், சுவர் முழுக்கப் பெரணி. நம் மலை ஓடையோரம் பார்க்கிற அதே ஜாதிப் பச்சையைச் சஹாராவில் பார்க்கலாம். நான்காம் நாள் அத்தார் சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு, அமொக்ஜார் கணவாய் வழியே ஷிங்கெத்தி. ஐந்தாம் நாள் ஷிங்கெத்தியில் பழைய கையெழுத்துப் பிரதி நூலகங்கள். 6 முதல் 10 வரை நடை. 11 வாதான், 12 ரிஷாத் என்ற வட்ட வடிவப் பாறை அமைப்பு, 13 அத்தார், 14 நுவாக்சோட். யாருக்காவது வயிறு கெட்டால் ஒரு நாள் தள்ளிப்போட இடம் இருக்கிறது. 7 நாள் திட்டத்தில் அது கிடையாது. என்னைக் கேட்டால் தெர்ஜித்தைக்கூடக் குறைக்கலாம், நடையில் கை வைக்கக் கூடாது.

கூடலூர்: இரும்புத்தாது ரயில்மேல் ஏறிப் போகலாமா?

வேண்டாம். சுரங்க ஊர் சுவேராத்திலிருந்து துறைமுக ஊர் நுவாதிபூ வரை 704 கிலோமீட்டர், தாதுத் தூசிக்கும் இரவுக் குளிருக்கும் நடுவே திறந்த பெட்டி. குழுவில் பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்கு மேல். தவறி விழுந்தால் பார்க்க ஆளில்லை.

கோத்தகிரி: எட்டுப் பேருக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை ஒட்டகம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நாம் எட்டு. வழிகாட்டி, சமையல்காரர், ஒட்டகக்காரர்கள் இருவர், ஆக பன்னிரண்டு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றால் 60 லிட்டர். பாதி வழியில் தனுஷெர்ட் என்ற சிறு சோலை வருகிறது, அங்கே நிரப்பிக்கொள்ளலாம். அதுவரை 3 நாளுக்கு 180, கிணறு கைவிட்டால் என்று இன்னொரு நாளுக்கு 60. மொத்தம் 240 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பன்னிரண்டு. ஒரு ஒட்டகத்துக்குப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கேன் கட்டினால் 120 கிலோவுக்குச் சற்று மேலே போகும், அது சரியான பாரம். ஆகத் தண்ணீருக்கு மட்டும் இரண்டு ஒட்டகம். நம் பைகள் ஆளுக்கு 12 கிலோ வீதம் 96 கிலோ, அதற்கு ஒன்று. அரிசி, பாத்திரம், கூடாரத்துக்கு இரண்டு. கால் கொப்பளித்தவர் ஏறிவர ஒன்று சும்மா வரட்டும். ஆறு.

எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். கேனை மூடி மேலே பார்த்தபடி கட்டாவிட்டால் வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வரும், மணலில் ஈரம் நிற்காது என்பதால் யார் கண்ணிலும் படாது. மதிய ஓய்வில் ஒவ்வொரு கேனையும் தூக்கிப் பார்க்க ஒருவரை இப்போதே நியமியுங்கள். புதுக் கேன் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், அத்தாரிலேயே இரண்டு முறை கழுவி ஒரு இரவு நிரப்பி வைத்து ஊற்றிவிடுங்கள். சக்கரை வைத்த பையை மூடாமல் ஒட்டகத்துக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும். உப்பு மட்டும் போகாது, கையில் கொண்டு போகிற சாதாரண வடிகட்டியிலும் போகாது. நாளுக்கு ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று கரையுங்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் தலை சுற்றும்.

ஊட்டி: ஜனவரியில் இங்கே உறைபனி விழுகிறது. அங்கே குளிருக்குப் பயப்பட வேண்டுமா?

உங்களுக்கு வேண்டாம். இரவில் 10 டிகிரியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கும், நம் வீட்டு ஸ்வெட்டரும் குல்லாவும் போதும். உங்களைப் படுத்தப்போவது வறட்சி. மூடுபனியில் வளர்ந்த மூக்கு அது. இரண்டாம் நாளே உள்ளே காய்ந்து ரத்தம் கசியும், உதடு வெடிக்கும். இரவு படுக்கும்போது மூக்கு ஓரத்தில் தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவுங்கள். கண்ணில் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

கொடைக்கானல்: என்ன ஷூ? மலையில் போடும் கனமான பூட்ஸ் இருக்கிறது.

அதை வீட்டில் விடுங்கள். மணலில் காலைத் தூக்குவதே வேலை, ஷூ இரண்டு மடங்கு கனமாகத் தெரியும். லேசான, கணுக்கால் வரை வரும், வலைத்துணி இல்லாத ஷூ வேண்டும். வலை இருந்தால் அரை மணியில் ஷூவுக்குள் ஒரு கைப்பிடி மணல், சாயங்காலம் விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருக்கும். நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது: அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் போடும் காலுறை. அதைச் சாதாரணச் சாக்ஸுக்கு மேலே மாட்டி முழங்காலுக்குக் கீழே கட்டினால் மணல் உள்ளே போகாது. ஆனால் பருத்தியில் செய்ததை எடுக்காதீர்கள். நம் கொழுக்கட்டைப் புல்லின் பங்காளி ஒன்று அங்கே இருக்கிறது, அதன் முள்காய் பருத்தியில் அப்பிக்கொள்ளும், விரலால் பிடுங்கினால் விரலில் ஏறும். வழவழப்பான நைலான் காலுறையானால் பெரும்பாலும் வழுக்கிவிடும். முள் எடுக்கும் இடுக்கி ஆளுக்கு ஒன்று.

நடையைப் பொறுத்தவரை மலை ஏறிய தெம்பு மூச்சுக்கு உதவும், கெண்டைக்காலுக்கு உதவாது. கிளம்பும் முன் ஏதாவது கடற்கரையில் நான்கைந்து நாள் உலர்மணலில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். மணல்மேட்டில் காற்று அடிக்கிற பக்கம் இறுகி இருக்கும், மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் சரிந்து பொலபொலவென்று இருக்கும். ஏறுவது இறுகிய பக்கத்தில், முகட்டோரமாக, முன்னே போனவர் கால்தடத்திலேயே. இறங்குவது பொலபொல பக்கத்தில், குதிகால் ஊன்றி.

கோத்தகிரி, தேயிலை விவசாயி: நம்ம தோட்டத்துத் தூள் கொஞ்சம் பரிசாக் கொண்டு போகலாமாண்ணா?

கொண்டு போங்கள், சந்தோஷப்படுவார்கள், அவர்கள் கெட்டிலில் மட்டும் விழாது. அங்கே ஓடுவது சீனாவின் உருண்டைப் பச்சைத் தேயிலை, துப்பாக்கி மருந்து மாதிரி சுருண்டிருக்கும். போடுகிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கையளவுக் கெட்டில், கரி அடுப்பு. இலையை முதலில் கொஞ்சம் தண்ணீரில் அலசுவார்கள். பிறகு கொதி, சக்கரை, புதினா. ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றி, ஒவ்வொரு தம்ளரிலும் பாதிக்கு நுரை நிற்க வைப்பார்கள். நுரை இல்லாவிட்டால் அது டீயே இல்லை. அதே இலையில் மூன்று சுற்று: முதலாவது கசக்கும், மூன்றாவது தித்திக்கும். முழுதாக முடிய ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாவது தம்ளரோடு எழுந்து கிளம்புவது மரியாதையில்லை. வழியில் தருகிற பரிசு அங்கேயே வாங்கிய சக்கரையும் தேயிலையுமாக இருந்தால்தான் அவர்களுக்கு உபயோகம்.

அரவங்காடு: எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். வரலாமா?

உங்கள் டாக்டர் சரி என்றால் வரலாம். மேலே சொன்ன டீதான் ஆபத்து. சக்கரையைக் கெட்டிலிலேயே போடுகிறார்கள், தனக்கு மட்டும் சக்கரை இல்லாமல் என்று கேட்க முடியாது. நாளுக்கு மூன்று நான்கு முறை டீ, ஒவ்வொரு முறையும் மூன்று தம்ளர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாளே வழிகாட்டியிடம் நோயைச் சொல்லிவிட்டு, வலக்கையை நெஞ்சில் வைத்து மறுத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்சுலினைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஈரப் பருத்தித் துணிப் பைக்குள் போட்டு, வெயில் படாமல் காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். மண்பானைத் தத்துவம்தான், வறண்ட காற்றில் இங்கேவிட நன்றாகக் குளிரும். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள்.

குன்னூர்: சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சோறு, பருப்பு, வெங்காயம், கேரட், ரொட்டி, பேரீச்சை, நிலக்கடலை. பட்டினி கிடையாது, சலிப்பு உண்டு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் கொண்டு போங்கள். தணலுக்கு அடியில் மணலில் புதைத்துச் சுடுகிற ரொட்டி கிடைக்கும், தட்டிவிட்டுச் சாப்பிட்டால் மணல் நறநறக்காது. அதோடு பருப்புப் பொடி நன்றாகச் சேரும். இறைச்சி வெந்த பாத்திரத்திலேயே குழம்பு வைத்துவிடுவார்கள். ஆகவே தனிப் பாத்திரம் ஒன்று அத்தாரில் வாங்கி, இது காய்கறிக்கு மட்டும் என்று சமையல்காரரிடம் கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். மது அந்த நாட்டில் தடை, பெட்டிக்குள் ஒளித்தும் வேண்டாம்.

கொடைக்கானல், பெண்: உடை, கழிப்பிடம் இரண்டும் சொல்லுங்கள்.

தளர்ந்த சல்வார் கமீஸ், பெரிய துப்பட்டா போதும். அந்த ஊர்ப் பெண்கள் சுற்றுகிற மல்ஹஃபா நம் சேலைக்குத் தங்கை, நான்கு மீட்டர் மெல்லிய துணி. ஒன்று வாங்கிக்கொண்டால் வெயிலுக்கும் ஆகும், வெட்டவெளியில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் திரையாகவும் ஆகும். ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள், காகிதத்தை எரித்துவிடுங்கள். நாப்கினைப் புதைக்காமல் பையில் திரும்பக் கொண்டுவாருங்கள், நரி தோண்டிவிடும். கிணற்றிலிருந்து நூறடிக்குள் எதுவும் கூடாது. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: தலைப்பாகைக்கு அங்கே போய்த் தேட வேண்டாம், மெல்லிய எட்டு முழ வேட்டி அளவு கச்சிதம். மணற்காற்று கிளம்பினால் நடக்காதீர்கள். ஒட்டகத்தைப் படுக்கவைத்து அதன் மறைவில் உட்கார்ந்து, வேட்டியால் மூக்கும் வாயும் மூடிக்கொள்ளுங்கள்.

கூடலூர், ஜீப் ஓட்டுநர்: ரிஷாத்துக்கு வண்டியில் போறோமே, மணல்ல புதைஞ்சா என்ன பண்ணுவாங்கண்ணே?

சேற்றில் செய்வதைச் செய்தால் கெட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி பறித்து, அச்சு வரை இறங்கிவிடும். உடனே நிறுத்தி, எல்லாரும் இறங்கி, டயர் காற்றை 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்க வேண்டும். டயர் நீளவாக்கில் படிந்து, பாரம் பரவும். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வாரிவிட்டு, தகடு செருகி, லோ கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். வெளியே வந்தபின் மேட்டு இறக்கத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்புவது சுலபம். ரிஷாத்துக்குள் கூர்ங்கல் தரை. குறைந்த காற்றோடு அங்கே ஓட்டினால் டயர் பக்கவாட்டில் கிழியும். ஆகவே வண்டியில் கம்ப்ரஸரும் இரண்டு ஸ்டெப்னியும் இருக்கின்றனவா என்று வாதானிலேயே பாருங்கள்.

ரிஷாத் பற்றி ஒரு எச்சரிக்கை. சுமார் 40 கிலோமீட்டர் குறுக்களவு, விண்வெளியிலிருந்து பார்த்தால்தான் கண் மாதிரித் தெரியும். உள்ளே நின்றால் தாழ்ந்த கல்வரிசைகள்தாம். விண்கல் விழுந்த பள்ளமும் அல்ல, மேலே உப்பிய பாறை அடுக்குகள் அரித்துப்போன மிச்சம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போனால் நல்ல நாள்.

ஊட்டி: விசா, பணம், தாள்கள்?

2025 ஜனவரியிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும், போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், தொழில், போகுமிடம் எல்லாம் ஒரே தாளில் அச்சடித்து ஆளுக்கு 30 பிரதி வையுங்கள். சாவடிக்குச் சாவடி ஒன்று கொடுத்தால் வண்டி இரண்டு நிமிடத்தில் நகரும், இல்லாவிட்டால் எட்டுப் பாஸ்போர்ட்டையும் கையால் எழுதி முடிக்கும் வரை வெயிலில் நிற்க வேண்டும். யூரோவை ரொக்கமாக எடுத்துப் போய் தலைநகரிலேயே மாற்றிவிடுங்கள். 2018-ல் ஊகியா என்ற அவர்கள் நாணயத்தில் ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள், சந்தையில் இன்றும் பழைய கணக்கில் விலை சொல்வார்கள். ஆயிரம் என்றால் நூறு ஊகியாவாக இருக்கலாம், “பழசா, புதுசா” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். டிரோன் வேண்டாம். சாட்டிலைட் போனை இங்கிருந்து கொண்டு போகவோ அங்கே வாங்கி வரவோ வேண்டாம், இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது வழக்காகும். வழிகாட்டி கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கிழக்கே மாலி எல்லைப் பக்கம் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கோத்தகிரி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? அங்கே கேட்க மாட்டார்கள் என்றார்கள்.

அங்கே கேட்கிறார்களோ இல்லையோ, திரும்பும்போது இங்கே கேட்பார்கள். மௌரித்தானியா இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிறது. சான்று இல்லாமல் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்க. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். முட்டை ஒவ்வாதவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ரயில் டிக்கெட் போட வேண்டும்.

குன்னூர்: மணலில் கல் அம்புமுனை கிடக்குமாமே, ஒன்று எடுத்துக்கொள்ளலாமா?

கிடக்கும். படம் எடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விடுங்கள் டீச்சர். விற்க வந்தாலும் வாங்காதீர்கள். பேரீச்சம்பழம் ஒரு கிலோ வாங்குங்கள்.