காவடிக்கு முன் பார்சல் வந்து சேருமா?

தைப்பூசக் காவடிக்காகச் சென்னையிலிருந்து மொரீஷியஸுக்குப் பட்டும் குத்துவிளக்கும் வரவழைக்கிறோம். எப்போது அனுப்பச் சொல்வது?

பூச நாளிலிருந்து எண்ணாதீர்கள். பத்து நாள் விரதம் தொடங்கும் கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கூரியருக்கு மூன்று வாரம், தபாலுக்கு ஆறு வாரம் விடுங்கள். டிசம்பரில் அனுப்பும் பெட்டிக்கு இரண்டு கரையிலும் புயல் காத்திருக்கிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. மொரீஷியஸில் புயல் காலம் தொடங்கியிருக்கும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மிதந்தது. அந்த ஆண்டு தைப்பூசமோ ஜனவரி 25. கெடாத பொருளைத் தீபாவளிக்கு முன்பே வாங்கி அனுப்பச் சொல்வதே எங்கள் பரிந்துரை.

மொரீஷியஸில் கிளாஸ் 3 புயல் எச்சரிக்கையை விலக்கிய மறுநாளே பார்சல் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. விமானங்கள் திரும்பத் தொடங்கினாலும், தேங்கிய சரக்கு ஒரே நேரத்தில் வந்து சுங்கத்தில் குவியும். விமான நிலையம் மூடியிருந்த ஒவ்வொரு நாளுக்கும் கூடுதலாக இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ‘பூசைப் பொருள்’ என்று மட்டும் எழுதிய பெட்டி இந்த நெரிசலில் இன்னும் பின்தங்கும். ‘பித்தளைக் குத்துவிளக்கு 2, பட்டு வேட்டி 4’ என்று ஒவ்வொன்றின் விலையோடும் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.

மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசும் அபாயம் இருந்தால், 36 முதல் 48 மணி நேரம் முன்பே கிளாஸ் 1, அதாவது முதல் நிலைப் புயல் எச்சரிக்கை, வரும். அப்போது பெட்டி அனுப்புபவர் வீட்டிலேயே இருந்தால் அங்கேயே இருக்கட்டும். வழியில் ஏதோ ஒரு கிடங்கில் ஈரத்தில் கிடப்பதைவிட அது மேல்.

தபாலா, கூரியரா?

பெட்டியின் அளவைப் பாருங்கள். பெரிய கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கும். அந்த எண்ணிலும் உண்மை எடையிலும் எது அதிகமோ அதற்கே கட்டணம். 40×40×30 பெட்டியில் மூன்று கிலோ துணி வைத்தாலும் 9.6 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே துணியை இறுக்கி மடித்துச் சிறிய பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை இரண்டு சுற்று வேண்டும். இரண்டு கிலோவுக்குள் அடங்கும் சிறு பொருளுக்குத் தபாலே போதும். அவசரமென்றால் கூரியர்தான், ஆனால் எந்த ஊர் வழியாக வரும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழையில் அவ்விமான நிலையமே தத்தளித்தது. மொரீஷியஸில் வானம் தெளிவாக இருந்தாலும் பார்சல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கற்பூரமும் மயில்தோகையும் சேர்த்து அனுப்பலாமா?

வேண்டாம். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்; விமானச் சரக்கில் அது அபாயப் பொருள், பெட்டி முழுவதையும் நிறுத்திவிடுவார்கள். மயில்தோகையை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. இரண்டையும் உள்ளூரிலேயே தேடுங்கள்.

புயலால் தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. காப்பீடும் தொலைந்ததற்கும் உடைந்ததற்கும்தான், தாமதத்துக்கு அல்ல. பெட்டி நனைந்திருந்தால் பிரிக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கொண்டுவந்தவரின் ரசீதில் ‘நனைந்திருந்தது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தபாலில் தொலைந்தால் அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். அதை அனுப்பியவரே தம் அஞ்சலகத்தில் தொடங்குவது நல்லது. அவரிடம் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.