கிணற்றில் பட்ட கல் கிரனைட்டா? வன்னிக் கற்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஓமந்தையில் கிணறு வெட்டும்போது கல் பட்டுவிட்டது. ரோசாவும் வெள்ளையுமாக, இடையில் கறுப்புப் பொட்டு. கிரனைட்தானே?

நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள் தம்பி. சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டி, புதிதாக உடைந்த முகத்தை நனைத்து வெயிலில் பிடியுங்கள். அந்தக் கறுப்புப் பொட்டுகள், அதாவது பயோட்டைட் மைக்கா, எந்தப் பக்கமும் சாயாமல் சிதறிக் கிடந்தால் கிரனைட். வரிசை கட்டிப் பட்டை பட்டையாக ஓடினால் நைஸ் என்ற உருமாறிய பாறை. வன்னியில் அகப்படுவது பெரும்பாலும் நைஸ்தான். அதிலும் நிறையக் கல் ஒரு காலத்தில் கிரனைட் வகையாக, பாறைக்குழம்பு நிலத்துக்கடியில் மெதுவாக ஆறி உறைந்து உண்டானவை. பிறகு, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஆழத்தில் சூடும் அமுக்கமும் பட்டு அடுக்குப்பட்டுவிட்டன. தாதுக்கள் அதேதான், கிடக்கும் ஒழுங்குதான் வேறு. அசல் ரோசா கிரனைட் பார்க்க ஆசையென்றால் புத்தளம் பக்கம் தோணிகலவுக்குப் போய் வாருங்கள்.

கேள்வி: இந்தக் கல்லில் உள்ள மற்றத் தாதுக்களில் குவார்ட்ஸ் எது, பெல்ஸ்பார் எது?

கல்லை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் தட்டையாகப் பளிச்சென்று மின்னுவது பெல்ஸ்பார். உடைந்த போத்தல் கண்ணாடிபோல, சாம்பல் நிறத்தில், தட்டை முகமே இல்லாமல் இருப்பது குவார்ட்ஸ். சாதாரணக் கத்தி இரண்டையும் கீறாது.

கேள்வி: எங்கள் வளவு மணலில் பொன் மினுங்குகிறது!

அது வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறிய மைக்கா, தங்கச்சி. நகத்தால் தகடு தகடாக உரிந்துவிடும், தங்கம் உரியாது.

கேள்வி: குசினிக்குப் போட்ட கறுப்புக் கல்?

கடைக்காரர் எல்லாவற்றையும் கிரனைட் என்றுதான் விற்பார். முழுக் கறுப்பென்றால் அனேகமாகக் கப்ரோ அல்லது டொலரைட். அதுவும் கிரனைட்போலப் பாறைக்குழம்பு ஆறி உண்டான தீப்பாறைதான், ஆனால் குவார்ட்ஸ் மிகக் குறைவு. பாவனைக்குக் குறையில்லை அக்கா.

கேள்வி: பக்கத்து வளவில் நல்ல தண்ணீர், எங்களுக்கு இல்லை. ஏன்?

இந்தக் கல்லுக்குள் தண்ணீர் ஊறாது ஐயா. மேலே உக்கிய பகுதியிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும், வெடிப்பு உங்கள் வளவுக்குள் ஓடாவிட்டால் இல்லைதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதே மைக்காவிலும் அப்பற்றைட் என்ற தாதுவிலும் இருக்கும் புளோரைட் தண்ணீரில் கரைந்து வரும், வவுனியாப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் கறை பிடிப்பதற்கு இது முக்கிய காரணம். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆழ்குழாய்க் கிணறு அடித்தால் குடிக்க முன்னம் பரிசோதியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.